தெரியாது என்று சொல்ல வேண்டிய மெஷின்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரைக் கேட்டால், "அவளுக்குக் கோபம் வராது, கோபத்துக்குத்தான் அப்பப்போ அவ வருவா" என்பார். சரக்கு வேன் ஓட்டுகிறவர். ரோட்டில் வாங்கிய திட்டையெல்லாம் வீட்டுக்கு வந்து ஜோக்காக மாற்றிவிடுவார். அப்படிப்பட்டவரே அன்றைக்கு என் போனை வாங்கி ஒரே செய்தியை மூன்று தடவை படித்தார்.

செய்தி கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. நான் செமஸ்டர் நடுவிலேயே படிப்பை விட்டுவிட்டேனாம். அதனால் அரசு கொடுத்த உதவித்தொகையில் வராத நாட்களுக்கான பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம். கட்டும்வரை கடைசி செமஸ்டரில் எனக்கு இடம் கிடையாதாம்.

படிப்பை விட்டேனாம்! முந்தின நாள் சாயங்காலம்வரை கல்லூரிப் பட்டறையில் நின்று நின்று என் கால் வீங்கிக் கிடந்தது. அந்தக் காலை ஸ்டூலில் தூக்கிவைத்துக்கொண்டுதான் இந்தச் செய்தியையே படித்தேன்.

"எவ்வளவுங்க வருது?" என்று கேட்டேன், எனக்குக் கணக்குத் தெரியாததுபோல.

"என் அஞ்சு மாச சம்பளம். நாம யாரும் சாப்பிடாம இருந்தா" என்றார்.

நான் படிப்பது பல் செட் செய்யும் தொழில். முப்பத்தேழு வயதில் கல்லூரிக்குப் போனவள். அதற்கு முன்னால் ஒரு துணிக்கடையில் பதினைந்து வருஷம் நின்றேன். கடையை மூடினார்கள். நான் மட்டும் நின்றபடியே இருந்தேன். உதவித்தொகை கிடைத்ததால்தான் சேர்ந்தேன். அது கடன் இல்லை, இனாம். ஒரே ஒரு நிபந்தனை. செமஸ்டர் நாட்களில் அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பணம் முழுக்க நம்முடையது. அதற்கு முன்னால் விட்டுப்போனால் மிச்ச நாளுக்கான பணம் திரும்பிப் போக வேண்டும். நியாயமான சட்டம்தான். படிக்காதவள் எதற்குப் பணம் வாங்க வேண்டும்? ஆனால் நான் படித்தேனே!

மறுநாள் காலையில் அலுவலகம் திறக்கும் முன்னால் வாசலில் போய் நின்றேன். நிதியுதவி அதிகாரி மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ரூல்தடி. ஒல்லியாக, நேராக, கோடு போட்டது போல இருப்பார். பேச்சும் அப்படியே. கெட்டவர் இல்லை, ஆனால் வளையமாட்டார்.

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். செமஸ்டரின் முதல் பாதி முழுக்க என் வருகை பச்சைப் பசேலென்று இருந்தது. அதன்பிறகு மொட்டை வெள்ளை.

"பட்டறை வேலை ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல நின்னுட்டீங்க. இன்னும் ஒரு வாரம் வந்திருந்தாக்கூட ஒரு பைசா திருப்பிக் கேட்டிருக்க மாட்டோம்" என்றார்.

"நிக்கலீங்க. தினமும் வந்தேன். வாத்தியாரைக் கேளுங்க. நான் செஞ்ச செட்டெல்லாம் அலமாரியில இருக்கு, போய்ப் பாருங்க."

"போன வருஷமும் அலமாரியில செட் இருந்துச்சு. வெளிக்கடையில காசு கொடுத்துச் செஞ்சு வாங்கிட்டு வந்து வெச்சாங்க. வாத்தியார் கையெழுத்தும் இருந்துச்சு. அதுக்கு நான் பதில் சொல்லி மாளல. அதனாலதான் விரல் வைக்கிற மெஷினே வந்துச்சு. மெஷின் சொல்றதுதான் கணக்கு."

யாரோ தின்றதற்கு யாரோ கை கழுவ வேண்டியிருக்கிறது. எனக்கு மண்டை சூடேறியது. ஆனால் அவர் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு இன்னொன்று சொன்னார்.

"ஒரு வழி இருக்கு. குடும்பக் கஷ்டத்தால படிப்பை விட்டேன்னு ஒரு மனு கொடுங்க. பணத்தைத் தள்ளுபடி பண்ண நானே எழுதறேன். அந்த செமஸ்டர் மட்டும் இல்லாம போயிடும். திரும்பப் படிக்கணும். உதவித்தொகை ரெண்டாவது தடவை வராது."

"அப்படின்னா நான் வரலைன்னு நானே எழுதிக் கொடுக்கணும்."

"ஆமா."

"வந்தேங்க" என்றேன். "வந்தவ வரலைன்னு எழுத மாட்டேன்."

வெளியே வந்தபிறகுதான் இன்னொரு சங்கதி தெரிந்தது. எங்கள் வகுப்பில் ஒல்லி என்று ஒரு பெண். இருபது வயது இருக்கும். அவளுக்கும் இதே செய்தி வந்து, அவள் பதில் பேசாமல் தவணையில் கட்டுவதாக ஒத்துக்கொண்டு, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்கும் சொல்லிவைத்துவிட்டாளாம். இருபத்தைந்து பேரில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் வந்திருக்கிறது. ஏன் எங்களுக்கு மட்டும்? வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதுதான் மண்டைக்குள் குடைந்தது.

விடை என் நாத்தனார் வாயிலிருந்து வந்தது. கணவரின் தங்கை எங்களோடுதான் இருக்கிறாள். வாய் நீளம். அன்றைக்கு அவள் என் போனை எடுத்துக் கேட்டாள். "அண்ணி, இதைத் திறந்து கொடுங்க. எதுக்கு எப்பப் பாத்தாலும் நம்பரை அடிச்சுத் திறக்கறீங்க? விரலை வெச்சா திறக்காதா?"

"திறக்க மாட்டேங்குது. ரொம்ப நாளா அப்படித்தான்."

அவள் என் கையைப் பிடித்து விளக்குக்குக் கீழே திருப்பினாள். "அடியாத்தி! அண்ணி, இது விரலா, வழுக்கைத் தலையா? ஒரு கோடு இல்லையே!"

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. பல் செட் செய்வதில் கடைசி வேலை பாலிஷ். சுழலும் துணிச் சக்கரத்தில் ஈரமான நுரைக்கல் பொடியை அப்பி, செட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கையுறை போடக்கூடாது. சக்கரம் கையுறையைப் பிடித்தால் விரலும் கூடவே போய்விடும். வகுப்பில் யாருக்கும் அந்த வேலை பிடிக்காது. தூள் பறக்கும், முகமெல்லாம் சேறு. எனக்கும் ஒல்லிக்கும் பல் வரிசை அடுக்குவது வராது. அதனால் ஒரு பண்டமாற்று செய்துகொண்டோம். மற்றவர்கள் எங்களுக்கு வரிசை அடுக்கிக் காட்டிச் சொல்லித்தருவார்கள், நாங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் பாலிஷ் போடுவோம். காலையிலிருந்து சாயங்காலம்வரை சக்கரத்தின் முன்னால் இரண்டு பேர். எறும்பு ஊரக் கல்லும் தேயுமென்றால், கல் ஊர விரல் தேயாதா?

பட்டறை வாசலில் இருந்த மெஷினில் தினமும் விரலை வைத்தேன். அது ஏதோ கீச்சென்றது. உள்ளே எட்டு மோட்டார் ஓடும் சத்தத்தில் அது நல்ல கீச்சா, கெட்ட கீச்சா என்று யாருக்குத் தெரியும்? திரை முழுக்க மாவு அப்பியதுபோல பிளாஸ்டர் தூள். கதவோ எப்போதும் திறந்தே இருக்கும். கை நிறைய அச்சுகளைத் தூக்கிக்கொண்டு போக வசதியாக வாத்தியாரே ஒரு பிளாஸ்டர் கட்டியை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார். கதவு திறக்காமல் போயிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். மெஷின் என்னைத் தெரியாது, தெரியாது என்று தினமும் சொல்லியிருக்கிறது. நான் அதற்கு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறேன்.

அன்றைக்கே ரூல்தடிக்கு எழுதினேன். என் விரலை அந்த மெஷினில் வைத்துப் பாருங்கள், உண்மை தெரியும் என்று. பதில் வந்தது. விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்ததும் விசாரணை. அந்த வாரக் கடைசியில் சேர்க்கையும் முடிகிறது.

"பிரச்சினை தீர்ந்துச்சு" என்றார் கணவர். இரண்டு வாரத்துக்கு வீட்டில் மறுபடியும் ஜோக் ஓடியது.

விடுமுறையின் கடைசியில் ஒரு காலை. துணி காயப்போட்டுக்கொண்டே போனை எடுத்தேன். நம்பரை அடிப்பதற்கு முன்னால், சும்மா பிடித்த பிடியில் கட்டைவிரல் பட்டது. போன் திறந்துகொண்டது.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூடிவிட்டு மறுபடி வைத்தேன். திறந்தது. வெளிச்சத்தில் விரலைப் பார்த்தேன். மெல்லிசாக, வளைவு வளைவாக, என் ரேகை திரும்ப முளைத்திருந்தது. பட்டறை மூடி நாளாகிவிட்டதல்லவா, தோல் தன் வேலையைப் பார்த்துவிட்டது. யாருக்குத்தான் தன் விரலைப் பார்த்து அழுகை வரும்? எனக்கு வந்தது. ஈரத்துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

நாத்தனார் ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் மூளை குறுக்கு வழியில் பறந்தது. சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் தூளும் சொரசொரத் தேய்ப்பானும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"தேய்ங்க அண்ணி. விசாரணைக்கு முன்னாடி மொழுக்குனு ஆக்கிடலாம். உண்மைதானே? நீங்க போனது உண்மை, விரல் தேஞ்சது உண்மை. திரும்பத் தேச்சா அது பொய்யா?"

பொய் இல்லைதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். தூளைத் தொட்டு இரண்டு இழுப்பு இழுத்தேன். சுரீரென்று எரிந்தது. பட்டறையில் ஒரு நாள்கூட எரிந்ததில்லை. அங்கே தேய்ந்தது எனக்குத் தெரியாமல், வேலையோடு வேலையாகத் தேய்ந்தது. இங்கே குழாயடியில் திருடியைப்போல உட்கார்ந்து, அதையே போலியாகச் செய்துகொண்டிருந்தேன். வெளிக்கடையில் செட் வாங்கி அலமாரியில் வைத்தவர்களுக்கும் எனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? நாளைக்கு ரூல்தடி முகத்தைப் பார்த்து 'வந்தேன்' என்று சொல்லும்போது என் குரல் நடுங்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"எடுத்துட்டுப் போடி" என்றேன். "பாத்திரம் தேய்க்க வேணும்."

விசாரணை நாளில் கணவர் வேனிலேயே கொண்டுவந்து இறக்கினார். பட்டறை வாசலில் ரூல்தடி, வாத்தியார், மெஷினைப் பழுதுபார்க்கும் ஆள் மூவரும் நின்றிருந்தார்கள். திரையைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். வாத்தியார் நல்ல மனுஷர், ஆனால் பூனைக்குப் பயந்த சுபாவம். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

"வைங்க" என்றார் ரூல்தடி.

வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. 'வணக்கம். வருகை பதிவானது' என்று திரை சொன்னது. இத்தனை நாள் என்னைத் தெரியாது என்று சொன்ன சனியன், வேண்டாத நாளில் உறவு கொண்டாடியது.

பழுதுபார்ப்பவர் சிரித்தார். "மெஷின் நல்லாத்தான் இருக்குங்க மேடம்."

ரூல்தடி சிரிக்கவில்லை. "அந்த மனுவை இன்னிக்கே கொடுத்துட்டீங்கன்னா என்னால உதவ முடியும்" என்றார்.

"இது தெரிஞ்சுதான் வந்தேன் மேடம்" என்றேன். "விரல் வளர்ந்துடுச்சு. வீட்டுல தேச்சுட்டு வந்திருக்கலாம். வரல. ஒண்ணு கேக்கறேன். பட்டறையைத் திறந்து விடுங்க. இந்த வாரம் முழுக்க உங்க கண்ணு முன்னாடி நான் பாலிஷ் போடறேன். காலையில வைக்கிறேன், சாயங்காலம் வைக்கிறேன். வாரக் கடைசியில இந்த மெஷின் என்னைத் தெரியும்னு சொன்னா, மனு என்ன, மொத்தப் பணத்தையும் கட்டறேன். தள்ளுபடியே வேண்டாம்."

வேனிலிருந்து கணவர் இருமியது எனக்குக் கேட்டது. ஐந்து மாதச் சம்பளத்தை நான் பந்தயம் கட்டிவிட்டேன், அவரைக் கேட்காமல்.

"பாலிஷுக்கு செட் எங்க இருக்கு?" என்றார் ரூல்தடி வாத்தியாரைப் பார்த்து.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். நான் கேட்க அவர் பேசிய ஒரே துணிச்சலான பேச்சு அது. "ஒரு பெட்டி நிறைய இருக்குங்க. முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கறதுக்கு. விடுமுறையில யாரும் தொடல. தினமும் நான் வந்து கூட இருக்கேன்."

ரூல்தடி சாவியை எடுத்தார்.

ராத்திரி படுக்கப் போகும்போது கணவர் கேட்டார். "நிச்சயமா தேயுமா?"

"தெரியலீங்க."

"சரி. காலையில நானே கொண்டுபோய் விடறேன்" என்றார்.

முதல் நாள் மெஷின் காலையிலும் வணக்கம் சொன்னது, சாயங்காலமும் சொன்னது. இரண்டாம் நாளும் அதே. துணிச் சக்கரத்தின் முன்னால் நின்று, ஈறு நிறத் தகடுகளை ஒவ்வொன்றாக மினுக்கினேன். யார் யார் வாயிலோ போய் உட்காரப்போகிற பற்கள் என்னைப் பார்த்து இளித்தன. இளியுங்கள், இளியுங்கள் என்று அழுத்தினேன். ரூல்தடி தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறையின் மூலையில் உட்கார்ந்தார். மதியத்துக்குள் அவர் கறுப்புக் கோட்டு சாம்பல் நிறமாகிவிட்டது. ஒரு தடவை எழுந்து வந்து, நான் தகட்டைப் பிடிக்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒல்லி பில் போடும் வரிசையில் ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டியது.

"அக்கா, எனக்குச் சண்டை போடத் தெரியாதுக்கா. நான்தான் கட்டறேன்னு சொல்லிட்டேனே."

"சண்டை நான் போடறேன். நீ பாலிஷ் போட வா."

"வேலை போயிடும்க்கா."

"இது உன் வேலையாடி? நீ பாலிஷ் போட்ட பல்லுல முகம் தெரியும். இங்க உக்காந்து சோப்புக்கு விலை சொல்லிட்டிருக்க!" பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் சோப்புக்குப் பில் போட்டாள்.

மூன்றாம் நாள் காலை பக்கத்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஒல்லி முடியை முடிந்துகொண்டு நின்றிருந்தாள். ரூல்தடி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவங்க ஏற்கெனவே ஒத்துக்கிட்டவங்க" என்றார்.

"பயந்து ஒத்துக்கிட்டா மேடம். விரல் ஒத்துக்கல."

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் சாயங்காலம் மெஷின் என்னை இரண்டு தடவை வைக்கச் சொல்லியது, அப்புறம்தான் வணக்கம் சொன்னது. அந்தத் தயக்கத்தைப் பார்த்து எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ரூல்தடியும் கவனித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி நாள். சேர்க்கை மாலை ஐந்தோடு முடிகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாத்தியார் மோட்டார்களை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் காது அடைத்தது. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனேன். கட்டைவிரலை வைத்தேன்.

கீச். சிவப்பு விளக்கு. 'அடையாளம் தெரியவில்லை.'

"இன்னொரு தடவை" என்றார் ரூல்தடி.

'அடையாளம் தெரியவில்லை.'

"துடைச்சுட்டு வைங்க."

'அடையாளம் தெரியவில்லை.'

அந்த மூன்று தடவையும் நான் கேட்ட கீச், அந்த செமஸ்டர் முழுக்க கேட்ட அதே கீச். வாத்தியார் கையைத் தட்டிவிட்டு, தட்டியதற்காகவே வெட்கப்பட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஒல்லி வைத்தாள். மெஷின் யோசித்தது. பச்சை எரிந்தது. 'வணக்கம். வருகை பதிவானது.'

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "பரவாயில்லக்கா, உங்களுக்காவது ஆச்சே" என்றாள். அந்தப் 'பரவாயில்லை' கேட்டுத்தான் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"என்னடி பரவாயில்ல? ரெண்டு நாள் லேட்டா வந்த, அவ்வளவுதானே? மணி என்ன ஆச்சு?"

"அஞ்சுக்குள்ள சேர்க்கை முடிக்கணும். உங்களுடையதை முடிச்சுடலாம், வாங்க" என்றார் ரூல்தடி.

"இவளோடது முடியட்டும் மேடம். அப்புறம் என்னோடது." சொல்லிவிட்டேன். அஞ்சு மணி தாண்டினால் எனக்கும் இடம் போய்விடும் என்பது வாயிலிருந்து வந்தபிறகுதான் உறைத்தது. திரும்ப எடுக்கவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சக்கரத்தின் முன்னால் நிறுத்தினேன். பெட்டியில் மிச்சமிருந்த செட்டுகள் எல்லாவற்றையும் அவள் பக்கம் தள்ளினேன். மோட்டார் ஓடியது. நான் நுரைக்கல் பொடியைக் குழைத்துக் குழைத்துக் கொடுத்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். பொடி பறந்து எங்கள் தலையெல்லாம் வெளுத்தது. ஒவ்வொரு செட் முடிந்ததும் ஓடிப்போய் வைத்தாள். பச்சை. திரும்பி வந்தாள். மறுபடி பச்சை. அடுத்த தடவை மெஷின் இரண்டு முறை வைக்கச் சொன்னது, பிறகு பச்சை. வாத்தியார் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

வாசலில் வேன் வந்து நின்றது. கணவர் என்னைக் கூட்டிப்போக வந்து, உள்ளே நடப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். பெட்டியில் கடைசி செட் இருந்தது. கீழ்வரிசை. ஒல்லி அதை முடித்தாள், கழுவினாள், முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நான் நின்ற இடத்திலிருந்தே அதில் ஜன்னல் தெரிந்தது. பிறகு நடந்து போனாள். இந்தத் தடவை ஓடவில்லை.

கீச்.

'அடையாளம் தெரியவில்லை.'

அவள் மறுபடி வைத்தாள். தெரியவில்லை. மறுபடி வைத்தாள். தெரியவில்லை. யாரும் கேட்காமலேயே நாலாவது தடவையும் வைத்தாள். பிறகு சத்தம்போட்டு அழ ஆரம்பித்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேருமே பிளாஸ்டர் பொம்மைபோல இருந்தோம். கணவர் வாசலில் நின்று, "நல்லவேளை, உங்களை எனக்கும் அடையாளம் தெரியல" என்றார்.

ரூல்தடி எங்கள் இரண்டு பேரின் கையையும் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலைத் தன் விரலால் தடவினார். பிறகு மூலைக்குப் போய், கம்ப்யூட்டரைத் திறந்து, எங்கள் பெயருக்கு எதிரே இருந்த வெள்ளைக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பச்சையாக்கினார். திருப்பிக் கட்டச் சொன்ன உத்தரவை நீக்கினார். ஒல்லி கட்டிய தவணை திரும்ப வரும் என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, அவர் கோட்டுக்கு ஆன கதியே போதும்.

ஐந்து அடிக்க நாலு நிமிஷம் இருக்கும்போது சேர்க்கைத் தாளை எங்கள் முன்னால் வைத்தார். அதன் பக்கத்தில் விரல் வைக்கும் சின்னக் கருவி இருந்தது. பழக்க தோஷத்தில் நான் கட்டைவிரலை நீட்டினேன். அவர் கருவியை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் கோட்டுப் பையில் செருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க" என்றார். "போதும்."